நடுநீரில் கரைந்திருக்கும் புரதம்

பத்து கிலோ சோயாவை நீர்முறையில் கரைத்தெடுத்து, அந்தக் கலவையில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் மூன்று அடுக்கு தெரியும். மேலே பாலேடு போலத் தடித்த ஏடு. அடியில் வெளிர்மஞ்சள் சக்கை. இரண்டுக்கும் நடுவே, குடுவையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, நீர்த்த மோர் நிறத்தில் ஒரு திரவம். ஆய்வுக்கூடங்களில் இதை ஸ்கிம் என்பார்கள். இந்த நூலில் நடுநீர் என்றே எழுதுகிறேன்.

முதல்முறை செய்கிறவர்கள் எல்லோருடைய கண்ணும் ஏட்டுக்குத்தான் போகும். எண்ணெய் அங்கேதான் இருக்கிறது, அதற்காகத்தானே இவ்வளவு பாடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சோயாவில் எண்ணெய் ஏறத்தாழ 20 சதவீதம், புரதம் ஏறத்தாழ 40 சதவீதம். பத்து கிலோவில் எண்ணெய் இரண்டு கிலோ, புரதம் நான்கு கிலோ. வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அந்த நான்கு கிலோவில் மூன்றரையை ஒட்டி நடுநீரில் கரைந்து கிடக்கிறது. அதைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் வாய்க்காலில் திறந்துவிட்டால், ஹெக்சேன் கரைப்பானைக் கைவிட்டதால் சுற்றுச்சூழலுக்குக் கிடைத்த நன்மையை நாமே கெடுத்துவிடுகிறோம். புரதம் நிறைந்த கழிவுநீர் குளத்தில் கலந்தால், அது அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் மிதக்கும்.

எண்ணெயை விடுவிக்க நாம் செய்கிற ஒவ்வொரு காரியமும் புரதத்தின் குணத்தை மாற்றிவிடுகிறது. ஆகவே கிடைக்கிற புரதம் யாருக்கு, எதற்கு என்ற முடிவை சோயாவை உடைப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். நடுநீர் கையில் வந்த பிறகு யோசித்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். இந்த அத்தியாயத்தில் சொல்கிற மற்ற எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

ஹெக்சேன் ஆலையில் இந்த அவசரம் கிடையாது

வழக்கமான ஆலையில் சோயாத் தகடுகளை ஹெக்சேனால் கழுவி எண்ணெயை எடுத்த பிறகு, புரதம் உலர்ந்த தகட்டிலேயே தங்கிவிடுகிறது. தகட்டின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண்ணெய்தான் அதில் மிஞ்சும். அந்தத் தகட்டை மாட்டுத் தீவனத்துக்கு வறுத்துப் புண்ணாக்காக விற்கலாம். வறுக்காமல் மிதமாக ஆவியேற்றி ஹெக்சேனை நீக்கி வெள்ளைத் தகடாக வைத்திருந்து, மாதம் கழித்துப் புரத ஐசோலேட் செய்யலாம். உலர்ந்த பொருள், காத்திருக்கும்.

ஹெக்சேனின் கேடுகளை முதல் அத்தியாயத்தில் விரிவாக எழுதியிருக்கிறேன். இங்கே இரண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். அதன் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கிற தொழிலாளியின் கைகால் நரம்புகள் கெடும். காற்றில் ஒன்றேகால் சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு சோயா ஆலையிலிருந்து சாக்கடைக்குள் கசிந்த ஹெக்சேன் ஆவி தீப்பிடித்து, தெருக்கள் மைல்கணக்கில் பிளந்துபோயின. 1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் ஹெக்சேனைத் தீங்கான காற்று மாசுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

நீர்முறையில் இந்த ஆபத்துகள் இல்லை. ஆனால் புரதம் தகட்டில் காத்திருக்காமல் தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. வெதுவெதுப்பான, சர்க்கரையும் புரதமும் கலந்த தண்ணீர் கிருமிகளுக்குப் பந்தி விரித்தது மாதிரி. என் தொடக்க நாட்களில் ஒரு சனிக்கிழமை மாலை அறுபது லிட்டர் நடுநீரைத் தொட்டியில் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு போய் திங்கட்கிழமை மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றம் இரண்டு நாள் கட்டிடத்தை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நடுநீரைப் பிரித்த அன்றே அமிலத்திலோ மெம்பிரேன் சவ்விலோ ஏற்றிவிட வேண்டும். முடியாதென்றால் ஒரு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். இரண்டுக்கும் வசதியில்லாத நாளில் உடைப்பையே தொடங்குவதில்லை.

இந்த வழி எங்கிருந்து வந்தது

தண்ணீரால் எண்ணெய் எடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆமணக்கு முத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கிற விளக்கெண்ணெயை வழித்தெடுத்த வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயும் இதே முறைதான். அங்கெல்லாம் புரதம் கருகிக் கசடாக அடியில் தங்கும். யாரும் கவலைப்பட்டதில்லை. எண்ணெயையும் கெடாத புரதத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1950-களில்தான் வலுப்பெற்றது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் வி. சுப்ரமணியனும் உடன் உழைத்தவர்களும் நிலக்கடலையை இப்படி முழுமையாகப் பிரிக்கும் முறையை 1959-இல் வெளியிட்டார்கள். எழுபதுகளில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கே.சி. ரீ குழுவினர் அதே கடலையில் தொடர்ந்தார்கள்.

சோயா இவர்களை எல்லாம் சோதித்தது. கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய். சோயாவில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த எண்ணெயும் அரை மைக்ரானுக்கும் குறைவான நுண்துளிகளாக, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு புரதப் போர்வை போர்த்திக்கொண்டு, தம்மைவிடப் பல மடங்கு பெரிய புரத உருண்டைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. இந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தவர்கள் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஏம்ஸ் நகரில் இருந்த குழுவினர். லாரன்ஸ் ஜான்சன், ஸ்டெஃபனி யுங், சார்ல்ஸ் கிளாட்ஸ், ஜூலியானா டி மோரா ஆகியோர் 2000-க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆய்வுக்கூடக் குடுவையிலிருந்து பைலட் ஆலை வரை இதைக் கொண்டுபோனார்கள். சோயாத் தகட்டைச் சூட்டோடு திருகி அழுத்தும் எக்ஸ்ட்ரூடரில் தள்ளி, என்சைம் சேர்த்து, இரண்டு கட்டமாக நீரில் கரைத்தபோது எண்ணெயில் 96 சதவீதத்துக்கு மேலும் புரதத்தில் ஏறத்தாழ 90 சதவீதமும் சக்கையைவிட்டு வெளியே வந்தன. கீழே நான் தரும் வெப்பம், பிஎச், என்சைம் அளவுகள் பெரும்பாலும் அவர்கள் வேலையை அடியொற்றியவை.

புரதம் யாருக்கு?

முதல் வழி, முழுப் புரதம். தோல் நீக்கிய சோயாவைச் சூடேறாமல் மாவாக அரைத்து, என்சைமே போடாமல், 50 டிகிரி வெந்நீரில் பிஎச் 9-இல் ஒரு மணி நேரம் கரைப்பது. புரதம் முழு நீளத்தோடு வெளிவரும். கூழாக உறையும், எண்ணெயையும் நீரையும் பிணைக்கும், டோஃபுவுக்கும் இறைச்சி மாற்றுக்கும் ஆகும். விலை எண்ணெயில் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் எண்ணெய் கிடைக்கும். மிச்சம் சக்கையிலும் நடுநீரிலும் தங்கிவிடும்.

இரண்டாவது வழி, அயோவாவின் வழி. தகடாக்கி, 100 டிகிரி அளவில் எக்ஸ்ட்ரூடரில் தள்ளி, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் என்சைம் சேர்ப்பது. எக்ஸ்ட்ரூடர் செல்சுவரைக் கிழித்துவிடும். ஆனால் அதே சூட்டில் புரதமும் வெந்து, கரையாத வலையாக மாறி எண்ணெயைச் சிறைபிடித்துக்கொள்ளும். அந்த வலையை அறுக்கத்தான் என்சைம். எண்ணெய் அநேகமாக முழுதும் வரும். புரதமும் வரும், ஆனால் துண்டு துண்டாக. அந்தத் துண்டுகள் உறையாது, டோஃபு ஆகாது. எலுமிச்சைப் பானம் போன்ற புளிப்பு நீரிலும் பெரும்பாலும் கரையும், குஞ்சுக்கும் பன்றிக்குட்டிக்கும் மீனுக்கும் எளிதில் செரிக்கும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது, சிறு ஆலைக்கு நான் சிபாரிசு செய்வதும் அதையே. கரைக்கும்போது என்சைமைப் போடாதீர்கள். ஏட்டைப் பிரித்தெடுத்த பிறகு ஏட்டில் மட்டும் போடுங்கள். ஏட்டில் இருக்கிற புரதம் கொஞ்சம். அது துண்டானால் துண்டாகட்டும், எண்ணெய் விடுபடும். நடுநீரின் புரதம் முழுதாகவே இருக்கும். சக்கையில் கொஞ்சம் எண்ணெய் போகும், உண்மைதான். கொழுப்புள்ள அந்தச் சக்கையைக் கறவை மாட்டுக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கும் ஒரு கிலோ நல்ல உணவுப் புரதத்துக்கும் உங்கள் ஊர் விலையை எழுதிப் பாருங்கள். பல சமயம் இந்த வழியே ஜெயிக்கும்.

கரைக்கும் தொட்டியில்

பழைய சோயா வேண்டாம். ஈரக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்த சோயாவின் புரதம் தண்ணீரில் கரைய மறுக்கும். உலர்த்தும்போது அதிகச் சூடு கண்டதும் அப்படியே. வாங்குமுன் ஒரு கைப்பிடி அரைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கலக்கி வடித்து, வடிநீரில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். கெட்டியாகத் திரிந்தால் எடுக்கலாம். தண்ணீராகவே நின்றால் அந்த மூட்டையை விட்டுவிடுங்கள்.

ஒரே கட்டமாகக் கரைப்பதானால் ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு கட்ட எதிரோட்டத்தில் ஆறு லிட்டர் போதும். எதிரோட்டம் என்றவுடன் மிரள வேண்டாம். தேங்காயில் இரண்டாம் பால் பிழிந்தால் நீர்த்துத்தான் வரும். அந்த நீர்த்த பாலையே அடுத்த தேங்காயை அரைக்க ஊற்றினால் முதல் பால் கெட்டியாகும் அல்லவா? அதே தந்திரம். புதிய தண்ணீர் எப்போதும் ஏற்கெனவே ஒருமுறை கரைத்த சக்கைமேல் விழும். அதிலிருந்து வடிந்த நீர்த்த கரைசல் புதிய மாவின்மேல் போகும். அயோவாவில் இதிலும் ஒரு படி மேலே போனார்கள். ஏட்டை உடைக்கப் பயன்படுத்திய என்சைம் கலந்த நீரையே கரைக்கும் கட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள். என்சைமை ஒருமுறை வாங்கினால் இரண்டு வேலை.

இந்தத் தண்ணீர்க் கணக்கைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வேண்டும். அறுபது லிட்டரை அப்படியே காயவைத்தால் 135 மெகாஜூல், அதாவது 37 யூனிட் மின்சாரத்துக்கு மேல். மூன்றரைக் கிலோ புரதத்துக்காக! ஹெக்சேனை ஆவியாக்க அதே எடைத் தண்ணீருக்கு ஆவதில் ஆறில் ஒரு பங்கு வெப்பமே போதும். தண்ணீரை நம்பி இறங்குகிற நாம் அதைக் காய்ச்சாமல் நீக்கத் தெரிந்தால்தான் இந்த முறை பசுமையானது என்று சொல்லிக்கொள்ளத் தகுதி பெறுகிறோம். அமிலத்தில் திரித்தலும் மெம்பிரேனும் இதற்குத்தான்.

பிஎச் 9-க்கு உணவுத் தரக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடத்துப் புரதம் வெந்து கட்டியாகும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. பிஎச் 10-க்கு மேல், அதுவும் சூட்டோடு, புரதத்தை நிறுத்திவைக்காதீர்கள். லைசின் என்ற அருமையான அமினோ அமிலம் லைசினோஅலனின் என்ற வேண்டாத பொருளாக மாறிவிடும். நிறைய கரையும் என்ற ஆசையில் காரத்தை ஏற்றுகிறவர்கள் அளவைக் கூட்டித் தரத்தை இழக்கிறார்கள்.

என்சைம் போடுகிற வழியில் சோயா எடையில் அரை சதவீதம் போதும், பத்து கிலோவுக்கு 50 கிராம். திரவ என்சைமாக வாங்குங்கள். பொடியாக வரும் புரோட்டியேஸ் மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரும். அறுபதுகளின் இறுதியில் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளிகள் இந்தப் பாடத்தை உடம்பால் படித்தார்கள். என்சைம் புரதத்தை வெட்ட வெட்ட பிஎச் தானாக இறங்கும். அதைக் குறையாக எண்ணாமல் அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்சை 9-லேயே நிறுத்த எத்தனை மில்லி காரம் கூடுதலாக விட்டீர்கள் என்று எழுதிவைத்தால், புரதம் எவ்வளவு துண்டானது என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். வேண்டிய அளவு வந்ததும் 85 முதல் 90 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து என்சைமைச் சாகடியுங்கள். விட்டுவைத்தால் தொட்டியிலும் குழாயிலும் வெட்டிக்கொண்டே இருக்கும். உலர்ந்த பொடியோடு போய், வாங்கியவர் பிசைகிற மாவையும் குலைக்கும்.

மொச்சை வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோயாவிலுள்ள லிப்பாக்சிஜினேஸ் என்ற என்சைமும் எண்ணெயும் காற்றும் ஈரத்தில் சந்தித்தால் சில நிமிடங்களில் அந்த வாடை பிறந்துவிடும். நீர்முறையில் மூன்றும் கட்டாயம் சந்திக்கின்றன. எக்ஸ்ட்ரூடர் வழியில் சூட்டிலேயே அது செத்துவிடுவதால் தொல்லை குறைவு. மாவு வழியில் 80 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் அரைத்தால் வாடை போகும், கூடவே புரதத்தின் கரைதிறனும் கொஞ்சம் போகும். தீவனத்துக்கானால் வாடையைப் பொருட்படுத்தாதீர்கள். மனிதர் குடிக்கிற பொருளானால் கரைதிறனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாடையைக் கொல்லுங்கள். மணம் பிடிக்காத புரதத்தை யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை.

நடுநீரிலிருந்து புரதத்தை எடுப்பது

சக்கையைச் சின்ன அளவில் மெல்லிய துணியில் பிழிந்து நீக்கலாம். ஏட்டைப் பிரிக்கப் பால் பண்ணைகளில் இருக்கிற கிரீம் செப்பரேட்டரைப் பயன்படுத்திப் பார்க்கலாம். பெரிய அளவில் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பிரிக்கும் டிகேன்டர் சென்ட்ரிஃப்யூஜ்தான் சரி. எப்படிப் பிரித்தாலும் நடுநீரை இன்னொருமுறை வேகமாகச் சுழற்றித் தெளிவியுங்கள். ஏட்டில் சேராமல் தப்பிய நுண்துளி எண்ணெய் நடுநீரில் கட்டாயம் இருக்கும். அது புரதத்தோடு உறைந்தால் பொடி சில வாரங்களில் காறும். மெம்பிரேனில் போனால் துளைகளை அடைக்கும்.

புரதம் முழுதாக இருக்கும் வழிகளில் அமிலத்தில் திரிப்பதே மலிவு. சோயாவின் பெரும்பங்கு சேமிப்புப் புரதங்களான கிளைசினினும் பீட்டா கான்கிளைசினினும் பிஎச் 4.5 அருகில் தம் மின்னூட்டத்தைச் சமன்செய்துகொள்ளும். ஒன்றையொன்று தள்ளுகிற விசை போய்விடுவதால் சேர்ந்து படியும். பால் திரிவதும் இதே காரணத்தால்தான். நடுநீரை அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, மெதுவாகக் கலக்கிக்கொண்டே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். பிறகு சட்டென்று தயிராகக் கட்டும். 4.5-இல் நிறுத்தி ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மீட்டரை அன்று காலை 4, 7, 10 பஃபர்களில் சரிபார்த்திருக்க வேண்டும். பிஎச் பிசகினால் புரதம் வடிநீரோடு போகும். வேகமாகக் கலக்கினால் கட்டி நொறுங்கித் தூளாகி சென்ட்ரிஃப்யூஜில் படியாது.

படிந்த தயிரை பிஎச் 4.5-இல் வைத்த தண்ணீரால் ஒருமுறையாவது கழுவுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் தயிர் கரையத் தொடங்கிவிடும். வயிற்றில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் இந்தக் கழுவலில் போகும். உப்பும் போகும். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து கொடுப்பது சமையல் உப்புதான் என்பதால் பிஎச்சை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் பொடியில் சோடியம் கூடுகிறது. கழுவிய பின் காரம் விட்டு பிஎச் 7-க்குக் கொண்டுவந்தால் தயிர் மறுபடி பாலாகக் கரையும், உலர்த்தலாம்.

என்சைம் போட்ட நடுநீரில் இதே அமிலத்தை விட்டால் ஏமாற்றமே மிஞ்சும். கொஞ்சம் படியும், மிச்சம் படியாது. பெப்டைடுத் துண்டுகளுக்குப் பிஎச் 4.5 ஒரு பொருட்டல்ல. புரதத்தைத் தொலைத்துவிட்டோம் என்று இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். இங்கே மெம்பிரேன் வேண்டும். 10 கிலோடால்டன் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு பெரிய துண்டுகளை நிறுத்தி நீர், உப்பு, சர்க்கரையைக் கீழே விடும். சின்னத் துண்டுகளும் சர்க்கரையோடு நழுவும். அவற்றைப் பிடிக்க அதைவிட நெருக்கமான நானோஃபில்ட்ரேஷன் சவ்வு வேண்டும். அயோவாக் குழுவினர் ஆராய்ந்த வழிகளில் எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருவது இரண்டையும் இணைப்பது. முதலில் அமிலத்தில் படிகிறதை எடுத்துவிட்டு, படியாத தெளிநீரை மட்டும் சவ்வுக்கு அனுப்பினால் சவ்வின் சுமை வெகுவாகக் குறையும்.

அறுபது லிட்டர் பதினைந்தாகச் சுண்டும்வரை ஓட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் சேர்த்து மறுபடி சுண்டவையுங்கள், சர்க்கரை கழுவப்படும். இப்போது காய்ச்ச வேண்டிய தண்ணீர் கால்பங்குதான். புதிய சவ்வில் வெறும் தண்ணீரை ஓட்டி, நிமிடத்துக்கு எத்தனை மில்லி வருகிறது என்று முதல்நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சவ்வு தாங்கும் அளவுக்குச் சூடான நீர்த்த காரத்தில் கழுவி, அதே எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் எண்ணெய் அடைத்திருக்கிறது. நடுநீரைத் தெளிவித்தது போதவில்லை.

கசப்பு, பொடி, கணக்கு

துண்டான புரதம் கசக்கும். முழுப் புரதத்தின் உள்ளே மடிந்து மறைந்திருந்த, தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் வெட்டுமுனைகளில் வெளிப்பட்டு நாக்கில் படுவதே காரணம். ஒரு சதவீதக் கரைசலை வாயில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தால் வெட்டும் நேரத்தைக் குறையுங்கள். கடுமையாகக் கசந்தால் அது தீவனத்துக்குத்தான். முனை அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும் இன்னொரு வகை என்சைமால் கசப்பைக் குறைக்கலாம், செலவு கூடும். வெட்டு கூடக்கூட நுரைக்கும் குணமும் கூழாகும் குணமும் ஒரே மாதிரி மாறுவதில்லை. கொஞ்சம் வெட்டிய புரதம் முழுப் புரதத்தைவிட நன்றாக நுரைக்கும். கூழாகும் வலிமை மட்டும் முதல் வெட்டிலிருந்தே சரியும்.

உலர்த்த ஸ்பிரே டிரையர் உகந்தது. அது இல்லாமல் தட்டில் காயவைத்தால் கொம்பு மாதிரி மஞ்சள் தகடாக இறுகி, அரைத்தாலும் சரியாகக் கரையாது. டிரையர் வாங்க முடியாத சிறு ஆலைக்காரருக்கு என் யோசனை, உலர்த்தாதீர்கள். ஈரத் தயிராகவே குளிர்ச்சியில் அருகிலுள்ள பேக்கரிக்கோ தீவன ஆலைக்கோ அன்றன்றே கொடுங்கள். மனிதரோ குஞ்சோ உண்பதானால் முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும். 50 டிகிரியில் கரைத்த புரதத்தில் டிரிப்சின் தடுப்பான்கள் உயிரோடு இருக்கும். அவை செரிமானத்தைத் தடுத்துக் குஞ்சுகளின் கணையத்தை வீங்கவைக்கும்.

விற்கும்போது பெயரில் கவனம். உலர் எடையில் புரதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஐசோலேட். 65-க்கு மேல் 90-க்குள் கான்சன்ட்ரேட். நீர்முறைப் புரதத்தில் தப்பிய எண்ணெய் கொஞ்சம் இருப்பதால் 90-ஐத் தொடுவது கடினம். கான்சன்ட்ரேட் என்று நேர்மையாக எழுதுங்கள்.

அளப்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பல ஆய்வுக்கூடங்களில் கைக்கு எளிதாக பிராட்ஃபோர்ட் சாயச் சோதனை செய்வார்கள். அந்தச் சாயம் சிறிய பெப்டைடுகளைப் பிடிப்பதில்லை. என்சைம் போட்ட பிறகு அளந்தால் புரதம் பாதியாகக் குறைந்ததாகக் காட்டும். உண்மையில் ஒரு கிராம்கூடப் போயிருக்காது. நைட்ரஜனை அளக்கும் கெல்டால் முறையையே நம்புங்கள், 6.25-ஆல் பெருக்குங்கள். சோயாவுக்கு 5.71 தான் உண்மைக்கு நெருக்கம் என்றாலும் வணிகத்தில் 6.25 வழக்கமாகிவிட்டது. எதை எடுத்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றையே எடுங்கள். உள்ளே போன நான்கு கிலோ, சக்கை, ஏடு, தயிர், வடிநீர் நான்கிலும் சேர்த்துத் திரும்ப வர வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் இடித்தால் எங்கோ தவறாக மாதிரி எடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் சக்கையில்தான். அது நடுநீரை ஊறவைத்துக்கொண்டிருக்கும், பிழிந்ததாக நாம் நினைத்துக்கொள்வோம்.

கடைசியாக நிற்பது, தயிர் படிந்தபின் மேலே தங்கும் மஞ்சள் வடிநீர். சர்க்கரை, உப்பு, படியாத சிறு புரதங்கள். அயோவாவில் சோயாவையும் மக்காச்சோளத்தையும் ஒரே கூரையின் கீழ் பதப்படுத்த ஆய்வு செய்தபோது, சோயாவின் நடுநீரையும் சக்கையையும் மக்காச்சோள எத்தனால் நொதிப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். தண்ணீருக்குத் தண்ணீர், ஈஸ்டுக்கு ஊட்டம். உங்களுக்கு அருகே சாண எரிவாயுக் கலம் இருந்தால் வடிநீர் அங்கே போகட்டும், கார அமில உப்பு கலத்தைக் கெடுக்காத அளவில். அதுவும் இல்லையென்றால் பிஎச்சைச் சரிசெய்து அடுத்த சுற்றின் இரண்டாம் கட்டத்துக்குத் திருப்பலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரை அதில் நனைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு ஏற ஏற பிஎச் 4.5-இல் படிகிற தயிர் தளர்ந்து குறையும். தயிரின் எடை முதல் சுற்றைவிடக் கண்ணுக்குத் தெரியக் குறைந்த அன்று அந்த வடிநீரை மாற்றிப் புதுத் தண்ணீர் பிடியுங்கள்.